இல்லாத குறையைத் தேடி

காலை ஏழு மணிக்கே சர்வேயர் படகுத்துறைக்கு வந்துவிட்டார். பழைய படகு வாங்க நினைப்பவர்கள் விலை பேசி முடிப்பதற்கு முன்னால் அவரைத்தான் அனுப்புவார்கள். அவர் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்து, படகை அடியிலிருந்து நுனி வரை தட்டி, குனிந்து, மோந்து பார்த்து, தேறும் தேறாது என்று எழுதிக் கொடுப்பார். துறையில் அவருக்கு ‘சுத்தியல் சார்’ என்றே பெயர். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் குற்றம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தும் அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஏனென்றால் இல்லாததை அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

அன்றைக்குத்தான் மடியில் கனம் இருந்தது.

பன்னிரண்டு சுற்றுலாப் படகுகள் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் முந்தின வாரம் அவரைக் கூப்பிட்டிருந்தார். “அந்தப் பழைய போட்டை நான் எடுக்கணும் சார். முப்பத்து நாலு வருஷப் பழசு. மேல்தளம் ஈரத்துல ஊறிப்போச்சு, அடிப்பக்கம் உப்பிப்போச்சுன்னு ரெண்டு வரி போட்டுக் குடுங்க. அவங்களுக்கு அவசரம், பாதி விலைக்கு இறங்கிடுவாங்க. அப்புறம் என் பன்னெண்டு போட்டுக்கும் வருஷா வருஷம் சர்வே உங்களுக்குத்தான்” என்றார். சர்வேயர் யோசித்தார். கையில் காசு வாங்கினால்தானே லஞ்சம்? இது வேலைதானே? இப்படித் தனக்குத் தானே வக்கீலாகி, தானே நீதிபதியுமாகி, தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தார்.

படகை விற்பவர்கள் ஒரு வயதான தம்பதி. பதினோரு வருஷமாக அதுதான் அவர்களுக்கு வீடு. கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருந்தது துறையில் எல்லாருக்கும் தெரியும். படகு நல்ல விலைக்குப் போனால் அந்த வீடு. பாதி விலைக்குப் போனால், அந்த மனிதர் வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறித்தான் போய்வர வேண்டும்.

“வாங்க சார். இன்ஜின் விஷயம் எல்லாம் இவகிட்டதான் கேக்கணும். நான் வெறும் பயணி” என்று கணவர் சிரித்தார். மனைவி முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவராம்.

இன்ஜின் அறைக்குள் இறங்கியதும் சர்வேயர் முதலில் இன்ஜின்மேல் கையை வைத்தார். விற்பவர்கள் பலர் அவர் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்கள். சூடான இன்ஜின் நோயை மறைக்கும், உடனே கிளம்பும், புகையும் அதிகம் வராது. இங்கே இரண்டு இன்ஜினும் கல்லாகக் குளிர்ந்து கிடந்தன.

“நேத்து சாயங்காலத்துல இருந்து தொடலை சார்” என்றார் அந்த அம்மா.

சாவியைத் திருகினார்கள். முதல் சுற்றிலேயே இரண்டும் எழுந்தன. மெல்லிய புகை ஒன்று வந்து, மரியாதையாகக் கலைந்து போனது.

சர்வேயர் விளக்கை அடித்துச் சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருந்த இரும்போடு சேர்த்து, வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருந்தது. நட்டு ஒரு நூல் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். நூறு நட்டுக்கு மேல் இருக்கும். அவர் ஒன்றுவிடாமல் பார்த்தார். ஒரு கோடுகூட விலகவில்லை. எத்தனையோ பெரிய கப்பல்களில் இறங்கியவர்தான், இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. வந்த காரியம் மறந்து வாயைப் பிளந்து நின்றார்.

பிறகுதான் காரியம் நினைவுக்கு வந்தது. மேல்தளத்துக்கு ஏறினார். ஈரம் காட்டும் கருவியைச் சாண் சாணாக வைத்து நகர்த்தினார். முள் அசைவேனா என்றது. மூலைமுடுக்கு, ஜன்னல் ஓரம், மழைத் தண்ணீர் இறங்கக்கூடிய இடம் என்று அவருக்குத் தெரிந்த அத்தனை சந்துகளிலும் வைத்துப் பார்த்தார். பொய் சொல்வதற்கும் ஒரு பிடி வேண்டுமே! எங்காவது ஒரு கறை, ஒரு விரிசல் இருந்தால் அதையே ஊதிப் பெரிதாக்கிவிடலாம். இந்தப் படகில் ஒரு பொய்யை மாட்டி வைக்க ஆணிகூட இல்லை.

பத்து மணிக்குக் கிரேன் வந்து படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. நீர் சொட்டச் சொட்ட அந்தப் பெரிய வெள்ளை வயிறு மேலே எழும்பியபோது துறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். தாங்கிகளில் உட்கார வைத்ததும் சர்வேயர் அடியில் புகுந்து தட்ட ஆரம்பித்தார். உள்ளே பழுது இருந்தால் ‘பொத்’ என்று கேட்கும். நன்றாக இருந்தால் ‘டக்’ என்று கணீரென்று திரும்பும். டக், டக், டக். முன்னிருந்து பின் வரை, பின்னிருந்து முன் வரை, ஒரே குரல். முப்பத்து நாலு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த உடம்பு அவர் தலைக்கு மேலே தெளிவாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இதைப் போய் உப்பிப்போச்சு என்று எழுதப்போகிறோமே என்று நினைத்தபோது சுத்தியல் ஒரு நொடி நின்றது. ஆனாலும் பன்னிரண்டு படகு என்பது லேசுப்பட்ட விஷயமா? சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

“அவ்வளவுதாம்மா. முடிஞ்சுது.”

“முடியலை சார்” என்றார் அந்த அம்மா. “ஏணில ஏறி ஒருதரம் மேல வாங்க.”

படுக்கை அறைக்கு அழைத்துப்போய் மெத்தையைத் தூக்கி நிறுத்தினார். கட்டிலுக்குப் பின்னால் எட்டு ஸ்க்ரூ போட்டு மூடிய பலகை. ஸ்க்ரூ போட்டு மூடியதைச் சர்வேயர்கள் கழற்றக் கூடாது என்பது தொழில் விதி. ‘மூடியிருந்த இடங்கள் பார்க்கப்படவில்லை’ என்று அவர்கள் அறிக்கையில் அச்சடித்த வரியே உண்டு. அந்த அம்மா எட்டையும் தானே கழற்றினார். ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி, விளக்கைப் பிடித்தார்.

“இடது பக்க டீசல் டேங்க். பின்பக்கம் அடியில பாருங்க.”

கண்ணாடியில் தெரிந்தது. தொட்டியின் அடி மடிப்பில் அரிப்பு. அதில் வரிசையாக வியர்வைத் துளி போல டீசல் கசிந்து நின்றது.

“போன மாசம் துடைக்கறப்ப விரல்ல பிசுக்குன்னு ஒட்டுச்சு. இதை மாத்தணும்னா கட்டில், சுவரு, தரை எல்லாம் பிரிக்கணும். பெரிய வேலை. வாங்கறவர்கிட்ட சொல்லிடுங்க சார். அதுக்கு உண்டானதை விலையில கழிச்சுக்கட்டும்.”

சர்வேயர் கண்ணாடியிலிருந்து முகத்தை நிமிர்த்தினார். “இதை நீங்க காட்டலைன்னா நானே பாத்திருக்க மாட்டேனேம்மா. வேற எவனும் பாத்திருக்க மாட்டான்.”

“லிஃப்ட்ல ஏறுறவங்க மெக்கானிக் மூஞ்சியைப் பாத்துட்டா சார் ஏறுறாங்க? பட்டனை அமுக்கிட்டு நிம்மதியா நிக்கறாங்க. போட்டும் அப்படித்தான். நடுக்கடல்ல இது விட்டுப்போச்சுன்னா இன்ஜின் நின்னுடும். அன்னைக்கு உள்ள யாரு பெத்த பிள்ளைங்க இருக்குமோ.”

“அப்போ ஆஸ்பத்திரிக்கு எதிர் வீடு?”

“கொஞ்சம் தள்ளிப் பாத்துக்கறோம். என்ன பண்றது.”

காலையிலிருந்து அவர் அந்தப் படகைப் பார்த்துத்தான் மலைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதை இப்படி வைத்திருந்தவரையே பார்த்தார். இருக்கிற குறையைத் தன் கையால் திறந்து காட்டுகிற மனுஷி எதிரில் நிற்க, இல்லாத குறையைத் தேடி வந்தவர் வெறும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து, முதலாளி கேட்டதையும் தான் தலையாட்டியதையும் ஒளிக்காமல் சொன்னார். ஏணியின் மேல்படியில் நின்று கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் முகம் இறுகியது. “இதுக்கு முன்னாடி எத்தனை போட்டுக்கு இப்படி எழுதினீங்க?”

“ஒண்ணும் இல்லைம்மா. இதுதான் முதல் தடவை.”

“எல்லாருக்கும் முதல்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும்.”

அவர் தலை குனிந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் வந்தது. அவர்கள் எதிரிலேயே எடுத்து, அவர்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“என்ன சார், ரெண்டு வரியும் போட்டாச்சா?”

“போட் தங்கம் சார். டீசல் டேங்க் ஒண்ணு மாத்தணும், அதையும் அவங்களேதான் காட்டினாங்க. வேற ஒரு குறையும் எழுத மாட்டேன்.”

“பன்னெண்டு போட் சார். நல்லா யோசிச்சுப் பேசுங்க.”

“யோசிக்காமத்தான் சார் போன வாரம் தலையாட்டினேன். நோட்டா வந்தாத்தான் லஞ்சம்னு நினைச்சுட்டேன். வேலையா வந்தாலும் லஞ்சம்தான். அதை வாங்கினா ஒரு நோயாளி வீட்டைத்தான் நான் பிடுங்கியிருப்பேன். உங்க வேலையும் வேண்டாம், இன்னைக்கு உள்ள கூலியும் வேண்டாம். இந்த ரிப்போர்ட்டை இவங்க பேருக்கே எழுதிக் குடுக்கறேன். யார் வாங்க வந்தாலும் காட்டட்டும்.”

“எழுதறதுக்கு வேற ஆளா கிடைக்காது?” என்று போன் கத்தியது. சர்வேயர் அதை அணைத்தார்.

அந்த அம்மா பலகையைத் திரும்பப் பொருத்தி ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக முடுக்கினார். எட்டாவதையும் முடுக்கிவிட்டுத்தான் திரும்பினார்.

“பழசுன்னு சொல்லி ஒரு பொருளை விக்கலாம் சார். குறையைக் காட்டியும் விக்கலாம். பொய் சொல்லி மட்டும் விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அந்த டேங்க் விஷயத்தை முதல் வரியா எழுதுங்க. நல்லதெல்லாம் அதுக்குக் கீழ வரட்டும்.”

சர்வேயர் பேனாவைத் திறந்து, முதல் வரியாக அதையே எழுதினார்.