வீரையாவின் தோளில் கிறகரி

இடது தோள்பட்டை இரண்டு நாளாகக் கையைத் தூக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, படம் பிடிக்கும் பெட்டியைப் பன்வில ஆற்றடிவரை இறக்கி, திரும்ப மேட்டுத் தோட்டத்துக்கு நானே சுமந்து ஏறியதற்குக் கிடைத்த கூலி அது. பெட்டி, அதன் மூன்று கால், இருட்டுக் கூடாரம், மருந்துக் குப்பிகள், கண்ணாடிகள். எல்லாம் சேர்ந்தால் ஒரு மூட்டை கோப்பிக் கொட்டைக்குக் கொஞ்சம்தான் குறையும். கோப்பி மூட்டை சுமந்தவனுக்குப் பிறந்தவன் நான். சுமக்காமல் இருக்கலாமே என்றுதான் பாதிரியாரிடம் எழுத்துப் படித்துக் கணக்கப்பிள்ளை ஆனேன். ஆன பிறகு காசு கொடுத்து ஒரு சுமையை வாங்கிக்கொண்டேன்.

சீமைக்குத் திரும்பிய ஒரு சின்னதுரை தன் சாமான்களை விற்றபோது இரண்டு பெட்டிகள் இருந்தன. சின்னதை ஒரு கையில் தூக்கலாம். அதில் முகம் பயறளவுதான் விழும். பெரியது விரித்த கை அளவு கண்ணாடி எடுக்கும். அக்குறணைக் கடைக்காரர் பளீல் அன்று சாமான் பார்க்க வந்திருந்தார்.

"சின்னத எடுங்க கணக்கப்புள்ள. மூஞ்சி சின்னதா விழுந்தா மனிசனுக்கு ஒரு கொறையும் இல்ல. பெரிசுக்கு ஒங்க முதுகுதான் வீங்கும்" என்றார்.

எனக்கு முகம் தெளிவாக வேண்டும். பெரியதை எடுத்தேன். அவர் ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே போனார்.

முதுகு மட்டும் என்றால் பரவாயில்லை. கண்ணாடியில் மருந்தை ஊற்றினால் ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவி முடிக்க வேண்டும். அதனால் பெட்டி போகுமிடமெல்லாம் கூடாரமும் தண்ணீர்க் குடமும் போக வேண்டும். வெள்ளி உப்பு பட்டு என் விரல்கள் கறுத்தே கிடக்கும். கோயிலில் நற்கருணை வாங்கும்போது கையை மறைத்துக்கொள்வேன். பிரதி போடும் கடதாசிக்குப் பூச முட்டை வெள்ளை வேண்டும். மஞ்சளைத் தின்று தின்று அலுத்து, மூத்தவள் மதலேனா முட்டை என்றாலே முகத்தைத் திருப்பினாள். "கோழி வளக்கிறது நான், வெள்ளக் கரு தின்கிறது பெட்டி" என்று என் மனைவி தெரேசா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

என்னிடம் இருந்தது பன்னிரண்டு கண்ணாடி. புதுப்படம் வேண்டுமென்றால் பழையதைச் சுரண்ட வேண்டும். ஆற்றில் குளிக்கும் யானையைச் சுரண்டித்தான் கோப்பி காயும் களத்தை எடுத்தேன். களத்தைச் சுரண்டி மதலேனாவின் முதல் நற்கருணை. அதையும் பிறகு சுரண்டினேன்.

ஒன்றை மட்டும் தொடவில்லை. அதில் தெரேசா கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். மதலேனா பக்கத்தில். சின்னவன் கிறகரிக்கு அப்போது எட்டு மாதம். பத்து எண்ணும்வரை ஆடாமல் இருக்க வேண்டும். தாய் மடியில் அவன் நாலு எண்ணுவதற்குள் கத்தினான். இரண்டு கண்ணாடி வீணானது. தண்ணீர் சுமந்து வந்த வீரையா, "இங்க குடுங்க, சின்னவரு எங்கிட்ட இருப்பாரு" என்று வாங்கித் தோளில் போட்டான். அடுத்த கூலி லயத்தில் இருந்து, கோப்பிக் கிளை கழிக்கும் கவ்வாத்துக்காரன். பிள்ளைக்குப் பழகிய ஆள். தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிறகரி பெட்டியையே பார்த்தான். பத்து என்ன, பதினைந்து எண்ணியிருக்கலாம். படத்தில் வீரையாவின் முகமும் பிள்ளையின் முகமும் ஒட்டிக் கிடந்தன.

படம் எடுத்த வருடம் ஆனி மாதக் காய்ச்சலில் கிறகரி ஐந்தாம் நாள் போய்விட்டான். அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் போட்டிருந்தேன். தண்ணீர் இல்லாத நாளில் சரியாகக் கழுவாததால் அது மஞ்சளாகி மறைந்துபோனது. பிறகு பிரதி போடக் கடதாசியும் கூடுதல் வெள்ளி உப்பும் வாங்கக் கையில் காசு இல்லை. பிள்ளையின் முகம் கண்ணாடியில் மட்டும் இருந்தது.

தோள் வலித்த அந்தச் செவ்வாய்க்கிழமை வீரையா தோட்டத்தில் இல்லாமல் போய் மூன்று நாள். கோப்பி இலையில் மஞ்சள் நோய் விழுந்த வருடம். நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. வேறு தோட்டத்துக்குப் போகச் சீட்டுக் கேட்டான், கங்காணி கொடுக்கவில்லை. சீட்டில்லாமல் போனவன் ஓடினவன், பிடித்தால் சிறை. தோட்டத் துரை என்னைக் கூப்பிட்டு, படத்தில் உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் அவன்தானே என்று கேட்டார். எப்போதோ என் வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். நாலு பிரதி வேண்டும், பொலிசுக்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கும் மாத்தளை ரோட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்றார். வெள்ளி உப்பும் கடதாசியும் அவர் செலவு. நான் சரி என்றேன்.

பொழுது சாயும்போது வீரையாவின் பெண்சாதி ராக்கம்மா குசினிப் பக்கமாக வந்தாள். களை வெட்டிய மண் காலில் காயவில்லை. விஷயம் அதற்குள் லயத்துக்குப் போயிருந்தது.

"அந்தக் கண்ணாடிய ஒடச்சிப் போட்டுருங்க ஐயா. கை தவறிருச்சின்னு சொல்லுங்க. தொரை ரெண்டு ஏச்சு ஏசுவாரு, அவ்வளவுதானே."

நான் தெரேசாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள அதுலதான் இருக்கான் ராக்கம்மா" என்றாள்.

"ஒங்க புள்ள போயிட்டாரு தாயி. எம்புருசன் இன்னும் இருக்கான்."

யோசிக்கிறேன் என்றேன் நான். யோசிக்கிறேன் என்று கணக்கப்பிள்ளைமார் சொன்னால் என்ன அர்த்தம் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் போய்விட்டாள்.

கண்ணாடியை எடுத்துச் சன்னலோரம் வைத்துக்கொண்டு, பேனாக்கத்தியின் நுனியால் வீரையாவின் முகத்தை மட்டும் சுரண்டிப் பார்க்கலாம் என்று இருந்தேன். கறுத்த படலம் தாடையோரம் தொட்டதும் நூல் போலப் பிளந்தது. பிளவு பிள்ளையின் காதுப் பக்கம் ஓடியது. கையை எடுத்துவிட்டேன். உடைப்பது பெரிய வேலை இல்லை. கையிலிருந்து விட்டால் போதும். விடவில்லை.

துரையின் வெள்ளி உப்பும் கடதாசியும் வந்த காலையில், நான் கேட்காமலே தெரேசா முட்டைகளை உடைத்து வெள்ளையைப் பிரித்து வைத்திருந்தாள். கடதாசியில் பிரதி விழ வேண்டிய நல்ல வெயில். இந்த முறை தண்ணீர் ஐந்து குடம் மாற்றிக் கழுவினேன். துரைக்கு நாலு. ஐந்தாவதையும் போட்டேன், அது எங்களுக்கு. நான் போட்டவற்றிலேயே அதுதான் நன்றாக வந்தது. பிள்ளையின் கண்ணிமைகூடத் தெரிந்தது. தெரேசா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள். அதன் பிறகு கோழி முட்டையைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

வீரையா அக்குறணையில் அகப்பட்டான். பளீலின் கடை வாசலில் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தானாம். பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறான். பொலிஸ்காரன் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தானாம். மாதக் கடைசியில் சரக்கு வாங்கப் போனபோது பளீல்தான் சொன்னார். சாமானை நிறுத்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னப் பெட்டி பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்டிக் கோர்ட்டில் மூன்று மாதம் கடூழியச் சிறை போட்டார்கள். ராக்கம்மா களை வெட்டி, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தாள். அரிசி பங்கிடும் நாளில் நான் அவள் பெயரை வாசிப்பேன். அவள் தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு வாங்கிப் போவாள். ஒருமுறை கூட்டிப் போட்டேன். கூடுதலாக இருந்ததை அளந்து சாக்கில் திரும்பக் கொட்டினாள்.

ஐப்பசியில் வீரையா திரும்பினான். சிறை முடிந்தாலும் ஒப்பந்தம் முடியவில்லை. இதே தோட்டம், இதே துரை. காலையில் பெயர் வாசிக்கும் பெரட்டில் வரிசையில் நின்றான். கல் உடைத்து வலது கைப் பெருவிரல் நகம் போயிருந்தது. கவ்வாத்துக் கத்தியை நாலு விரலால் பிடித்திருந்தான். பெயரை வாசித்தேன். இருக்கிறேன் என்றான். வரிசை கலைந்த பிறகு அவனே என் பக்கம் வந்தான்.

"பொலிஸ்காரங்க கையில படத்தப் பாத்தேன் ஐயா. சின்னவரு தெளிவா இருந்தாரு."

நான் ஆமாம் என்றேன். அவன் நோய் விழுந்த மேட்டுப் பக்கம் மற்றவர்களோடு ஏறிப் போனான். நான் செக்ரோல் பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு நாள் வேலை என்று போட்டேன்.

வீரையாவுக்கு நான் மூன்று மாதம் கடன். இன்னும் கொடுக்கவில்லை.