எறும்பு ஊராத காது

பெட்டியின் ஒயர் நுனியிலிருந்த கிளிப்பை சைனம்பு தன் காதிலேயே மாட்டிப் பார்த்தாள். ஒரு குறுகுறுப்பும் இல்லை.

"ஊசி, கத்தி எதுவும் கெடையாது. காது வழியா நரம்பை லேசா தூண்டும், அவ்ளோதான்" என்று சொல்லித்தான் டாக்டர் விஷாகா அந்தச் சின்னப் பெட்டியைக் கொடுத்திருந்தார். 2008-ல் நடந்தது இது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டே வந்ததில், புதுப்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஷேக் தாவூதுக்கு ஞாபகம் தேய்ந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனைவி சைனம்புவிடமே, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "இது ஆராய்ச்சிம்மா. பாதிப் பெட்டில கரண்ட் வராது. எதுன்னு எனக்கே தெரியாது. மூணு மாசம் கழிச்சு எல்லாருக்கும் நல்லதா குடுத்துடுவோம்."

மூன்று மாதத்துக்குள் மிச்சமிருக்கிற மனுஷனும் போய்விட்டால்?

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் மகாபலிபுரத்துக் கோமளம் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவர் உப்பிலி, பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிப்பவர். இப்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறார்.

"காதுல எறும்பு ஊர்றதுன்னு பிடுங்கிப் போடறார். உங்காத்துக்காரர் சமத்து."

"இவருக்கு எறும்பு கட்ச்சாலே தெரியாது மாமி."

மாமி சிரித்தாள். கணவரை பாத்ரூமுக்குக் கூட்டிப் போக எழுந்தவள், "பையை செத்த பாத்துக்கோ" என்றாள்.

சைனம்பு பார்த்துக்கொண்டாள். நம்பர் எழுதியிருந்தது மேலுறையில்தான். மாமி பையிலிருந்ததும் தன்னிடமிருந்ததும், பெட்டி இரண்டும் ஒரே மாதிரி. மாற்றி வைக்க அரை நிமிஷம் ஆகவில்லை. ஷேக் தாவூத் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆறாவது வாரம் அவர், "சைனம்பு, டீல சக்கர கம்மியா கீது" என்றார். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கடை வழியாகப் போன பஸ்களின் நம்பர், பழைய புடவை விலை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு மாமி தனியாக வந்தாள். தலைகூட வாரவில்லை. கையில் உப்பிலியின் போட்டோ.

"முந்தாநாள் கோயிலுக்குன்னு கெளம்பினார். கடலோரமா நடந்து போனதைப் பாத்திருக்கா. அப்புறம் யாரும் பாக்கலை. ஒரு மாசமாவே என்னையும் தெரியலை அவருக்கு. இங்க வந்திருப்பாரோன்னு..."

சைனம்பு நகர்ந்து மாமிக்கு உட்கார இடம் விட்டாள்.

ஷேக் தாவூத் போட்டோவை வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு மாமியின் பையைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. தெரியாததைக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்:

"சைனம்பு, அன்னிக்கு மாமி பைலேர்ந்து இன்னா எடுத்த?"