சிஸ்டர் தந்த சருகு

வீட்டு முன்புறப் புல்தரையை லிஃப்ட் மெக்கானிக் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொத்திப் போட்டார். இனி இந்த மண்ணில் தானாக வளரும் செடிகள்தான். தும்பை, துத்தி. அவை தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது.

"தைக்கக் குடுக்க வர்றவங்க கேக்கறாங்களே, என்ன பள்ளம்னு," என்றாள் மனைவி. "முப்பது நாள். ஒரு இலையாவது தெரியணும். இல்லன்னா மேஸ்திரி வந்து சிமெண்ட் போடுவார்."

சாலையோரங்களில் பறித்த விதைகளை அவ்வப்போது சட்டைப்பையில் கொண்டுவந்து விதைத்தார். பையில் ஸ்க்ரூடிரைவர் போட்ட ஓட்டை. ஊருக்கெல்லாம் தைப்பவள் அதை ஆறு மாதமாகத் தைக்கவில்லை.

மண்ணின் ஈரம் காயாமல் மேலே மூடாக்காகப் பரப்பச் சருகு வேண்டும். மரம் எதிர்வீட்டில்தான் இருந்தது. அங்கிருப்பவர் ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். தெருவுக்கே அவர் சிஸ்டர். அவர் முற்றத்தில் ஈ உட்காரக் கூச்சப்படும்.

"தாராளமா எடுத்துக்குங்க தம்பி. ஆனா நாளைக்கு வாங்க. அப்படியே தர முடியாது."

வாரம் இரண்டு மூட்டை. சிஸ்டர் வீட்டு கேட் அருகே வைத்திருப்பதை மெக்கானிக் குனிந்து தூக்கி வருவார்.

பத்து நாளில் ஒன்றும் முளைக்கவில்லை. இருபது நாளில் இருந்த மண்புழுக்களையும் காணோம்.

"என்னங்க, தோட்டம் ஆஸ்பத்திரி மாதிரி நாறுது."

"சிஸ்டர் வீட்டுச் சருகு. வேற எப்படி இருக்கும்?"

இருபத்தெட்டாம் நாள் சருகு எடுக்கச் சற்று முன்னதாகவே போனார். சிஸ்டர் கையுறையோடு தொட்டிமுன் உட்கார்ந்து சருகை முக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிருமிநாசினிப் புட்டி, பாதி காலி.

"என்ன பண்றீங்க சிஸ்டர்?"

"இன்னொரு வீட்டுக்குக் குடுக்கற பொருளாச்சே. ரெண்டு தடவை முக்குறேன். ஒரு கிருமி இருக்காது."

மெக்கானிக் புட்டியை எடுத்து மூடினார்.

"எனக்குக் கிருமிதான் வேணும் சிஸ்டர்."

சிஸ்டர் கையுறையைக் கழற்றினார். "என்கிட்ட இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்ல."

பிறகு கேட்டைக் காட்டினார். "அப்ப அதுவும் உங்களோடதா?"

நான்கு குச்சிகள் மீது கட்டுத்துணி விரித்திருந்தது. மெக்கானிக் ஒரு வாரமாக அதைப் பார்க்கிறார். சிஸ்டர் ஏதோ காயப்போட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தார். அடியில், சிமெண்ட் விரிசலில், நான்கு தும்பை, ஒரு துத்தி. அவர் குனிந்து மூட்டை தூக்கும் இடம்.

"புடுங்கத்தான் உட்கார்ந்தேன்," என்றார் சிஸ்டர். "ரொம்பச் சின்னதா இருந்துச்சு. கை வரல."

முப்பதாம் நாள் காலை மேஸ்திரி வந்துவிட்டார். மெக்கானிக் மனைவியை எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் துணியை விலக்கப் போனாள்.

"தொடாதம்மா. அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுக் கிளம்பு," என்றார் சிஸ்டர்.

அவள் பார்த்தாள். சிமெண்ட் தரையைப் பார்த்தாள். புருஷன் சட்டைப்பையில் விரலை விட்டாள். விரல் ஓட்டை வழியாகக் கீழே வந்தது.

"மேஸ்திரி, அடுத்த மாசம் வாங்க," என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"சட்டையைக் கழட்டித் தரவா?" என்றார் அவர். "தைக்கறியா?"

"வேண்டாம். முதல்ல நம்ம வாசல்ல நாலு தடவை குனிஞ்சு நிமிருங்க."