தாய் மீன்

இட்லிக் குண்டானில் கொடுவா மீன் அடங்கவில்லை. வாலை மடக்கிப் பார்த்தேன், மூடி ஏறவில்லை. எரிச்சலில் வாலையே நறுக்கிக் குப்பையில் போட்டேன். அப்பா வருகிற நாளில்தானா இந்த மீனுக்கு இவ்வளவு நீளம்?

மரியதாசைக் கட்டிக்கொண்டு தவளக்குப்பத்தில் குடியேறியதிலிருந்து அப்பா என் வீட்டில் கை நனைத்ததில்லை. அம்மாவின் காரியத்தன்றுகூட என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஒருமுறை உரம் வாங்க வந்தவர், வாசலோடு நின்று, தண்ணீர்கூட வேண்டாமென்று செலியமேட்டுக்கே திரும்பிவிட்டார். எனக்கும் அதே பிடிவாதம்தான், கெஞ்சவில்லை. இன்று தம்பியை விட்டுச் சாப்பிடக் கூப்பிட்டேன், வருகிறார். இன்றும் சாப்பிடாமல் எழுந்து போனால் இனி எனக்கு அப்பா இல்லை.

மரியதாஸ் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல்காரர். அவர் சொன்னபடியே எலுமிச்சைப் புல்லை மீன் வயிற்றில் திணித்து ஆவியில் வேகவைத்தேன். பூண்டு, பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் கலந்து மேலே ஊற்றினேன்.

தம்பி அரிகரன் அடுப்படிக்கு ஓடிவந்தான்.

"அக்கா, நீ தாய் மீன் செய்றன்னு சொன்னதும் அப்பா உடனே சட்டைய மாட்டிக்கிச்சு."

"தாய்லாந்து மீனுன்னு சொன்னியாடா?"

"தாய் மீனுன்னா அம்மா வெச்ச மாதிரி கொழம்பு இல்லியா? நான் அப்பிடித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

வெளியே மரியதாஸ் செம்பில் தண்ணீர் ஊற்ற, அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். இப்போது புளி கரைக்க ஏது நேரம்?

அப்பா வந்து உட்கார்ந்தார். சோறு போட்டு மீனை வைத்தேன்.

"கொழம்பு எங்க?"

அம்மா ஒருதடவை இப்படியும் செய்தாள் என்று சொல்லிவிடலாமா? நாக்கு வரை வந்தது. செத்துப்போனவள் பேரில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இது அம்மா மீன் இல்லப்பா. தாய்லாந்து ஊரு மீன். இவன் தப்பா சொல்லிட்டான்."

அப்பாவின் முகம் இறுகியது. இடக்கையைத் தரையில் ஊன்றினார்.

"ஏமாத்தி வரவெச்சீங்களா?"

"ஏமாத்தறவ உண்மைய சொல்லுவாளா? போறதுன்னா போ. உனுக்காகத்தான் செஞ்சேன்." கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடலூர் ரோட்டில் பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. அப்பா தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களில் ஈரம் இன்னும் காயவில்லை.

"அதான் கை நனைச்சாச்சே. இனிமே எப்பிடி எழுந்து போறது?" என்று சோற்றைப் பிசைந்தார்.

ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். புளிப்பில் கண்ணைச் சுருக்கினார். மென்று விழுங்கிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மரியதாசின் முகத்தைப் பார்த்தார்.

"வாலு எங்க மாப்ள? இவ அம்மா எனுக்கு எப்பவும் வாலத்தான் எடுத்து வெப்பா."

செம்பைப் பிடித்தபடி மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் குப்பைக் கூடையைப் பார்த்தேன்.