நிஹாராவுக்குக் கேட்காதது

நிஹாராவின் நெஞ்சுக்குள்ளிருந்து அல்லாஹ்வின் பெயர் வெளியே கேட்கத் தொடங்கியது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஜூன் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், பால் அடுக்கியிருந்த குளிர்பெட்டிக்கு முன்னால். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தடவை, பக்கத்து அறையில் ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவுச் சத்தத்தில் அது கேட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் கேட்டவர் அதே தெருவில் இருந்த யாழ்ப்பாணத்து யோகராணி அன்ரி. "பிள்ளை, உங்கட ஃபோன் அடிக்குது" என்றார். நிஹாரா கைப்பையைத் திறந்து பார்த்தாள். ஃபோன் சும்மாதான் கிடந்தது. அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ரயிலில் எதிரே இருந்தவர்களுக்குக் கேட்டது, தபால்காரனுக்குக் கேட்டது, வேலிக்கு அந்தப் பக்கத்து நாய்க்குக் கேட்டது. அவளுக்கு மட்டும் இல்லை.

சம்மாந்துறையில் பிறந்து, கணவன் பைரூஸோடும் ஐந்து வயது மகள் ஜஸ்னாவோடும் மெல்பேர்ண் வந்தவள் அவள். வந்து நான்காம் வருடம், இலங்கையின் தென்கரையிலிருந்து சூஃபி ஞானவழி காட்டும் ஒரு செய்கு வந்து தண்டெனோங்கில் ஒருவர் வீட்டுக் கராஜில் இரண்டு வாரம் தங்கினார். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். செய்கு தன் தலைப்பாகைத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பிடித்து நிஹாரா பைஅத் செய்தாள், அவர் சொல்லும் வழியில் நடப்பதாக வாக்குக் கொடுத்தாள். விடியற்காலைத் தொழுகையான சுபஹுக்குப் பிறகும் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகும் பாவமன்னிப்பு நூறு, நபியின் மீது ஸலவாத்து நூறு, கலிமா நூறு. இதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்டது. கூட இருந்தவர்கள் அழுதார்கள், கனவு கண்டார்கள், ஒருத்திக்கு ஓதும்போது மல்லிகை மணத்தது. நிஹாராவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது வருடமும் காய்ந்த பாண் துண்டைத் தேத்தண்ணி இல்லாமல் விழுங்குவதுபோல் ஓதினாள். வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

சத்தம் தொடங்கிய வாரமே பைரூஸ் அவளை இதய நிபுணரிடம் கூட்டிப்போனார். ஈசிஜி சுத்தமாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டர் உடனே எடுத்துவிட்டு, தனக்கு அரபு தெரியாது, மற்றப்படி எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் பைரூஸ் காரின் ரேடியோவைக் கூட்டி வைத்தார். "இத நிப்பாட்டு நிஹாரா. ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"கேக்காத ஒண்ட நான் எப்பிடி நிப்பாட்டுற?" என்றாள் அவள்.

செய்குவுக்கு வாட்ஸப்பில் எழுதிக் கேட்டாள். எல்லோருக்கும் கேட்பது தனக்கு ஏன் கேட்கவில்லை, ஒரு தடவையாவது கேட்குமா என்று. மூன்று நாள் கழித்துப் பதினொரு விநாடிக் குரல் பதிவு வந்தது. "கேக்குறது அவங்கட பங்கு, மகள். சொல்லுறது உங்கட பங்கு. வேற ஒண்டும் கேக்காதீங்க." அவள் அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு ஓதி முடித்துவிட்டுக் குசினிக்குள் நின்று, இந்தப் பங்கைப் பிரித்தது யார் என்று ஆத்திரப்பட்டாள். பிறகு இஷா தொழுதாள்.

அவர்கள் தொழப்போகும் பள்ளியின் கமிட்டி இதைப் பற்றி நான்கு தடவை கூடியது. பைரூஸ் அதன் உபசெயலாளர். ஒரு பெண்ணின் நெஞ்சில், கல்பில், எழும் சத்தம் பெண் குரலாகுமா, ஆண்கள் தொழ நிற்கும் சஃப்பு வரிசை வரை அது கேட்கலாமா என்பது முதல் கூட்டத்தின் விவாதம். தரீக்கா, செய்கு என்று சூஃபி வழியில் போனால் இப்படித்தான், இது ஜின்னின் வேலை என்று இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஜின் எதற்காக அல்லாஹ்வின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இன்னொருவர் கேட்டதோடு கூட்டம் கலைந்தது. மூன்றாவதில் வெள்ளைக்காரப் போலீஸ் என்ன நினைக்கும் என்று பேசினார்கள். நான்காவதில் ஒரு கடிதம் எழுதினார்கள். பெண்கள் வீட்டில் தொழுவதே மேலானது என்று சகோதரிக்கு அன்போடு நினைவூட்டிய அந்தக் கடிதத்தில் பைரூஸும் கையெழுத்துப் போட்டார். அவரே அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

நிஹாரா வேலை செய்தது முதியோர் இல்லம் ஒன்றில். இரண்டாயிரத்து இருபதில் கொரோனா உள்ளே நுழைந்து, வெளியார் யாரும் வரக்கூடாதென்று கதவுகள் அடைக்கப்பட்டபோது, அந்தச் சத்தம் முகக்கவசத்தையும் இரண்டடுக்கு மேலங்கியையும் தாண்டி வந்தது. பிள்ளைகள் டேப்லெட் திரையில் கையசைக்க, பெற்றவர்கள் தனியாகச் செத்தார்கள். மூச்சுக்குத் திணறிய ஓர் இத்தாலியக் கிழவர் அவளுடைய மேலங்கியைப் பிடித்து இழுத்து, அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் அப்படியே இருந்து, திணறல் அடங்கிப் போய்ச்சேர்ந்தார். அதன் பிறகு தாதிமார் அவளையே கூப்பிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பதினாறு பேர் அவளுடைய நெஞ்சைக் கேட்டபடி இறந்தார்கள். அவர்களுடைய முகம் தளர்வதைப் பார்த்துத்தான் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று அவள் நம்பினாள். ஒவ்வொரு முகத்தையும் பொறாமையோடு பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து, இறந்தவர் ஒருவரின் மகள் அன்றைய டேப்லெட் அழைப்பின் வீடியோப் பதிவைப் போட்டுப் பார்த்தார். மதமே வேண்டாமென்று வாழ்ந்த என் அப்பாவின் கடைசி நேரத்தில் யார் இதை ஓதியது என்று முறைப்பாடு வந்தது. பிழை உன்னுடையதல்ல, ஆனால் அணைத்து வைக்க முடியாத ஒன்றோடு நீ வேலைக்கு வருகிறாய் என்று மேனேஜர் கண்கலங்கச் சொல்லி, அவளை அனுப்பிவிட்டார். அதே வருடம் பைரூஸ் தலாக் சொன்னார். நகரத்தின் மறுகோடியில், ட்ருகனினாவில், புது வீடு எடுத்து மகளோடு போனார். ஜஸ்னாவின் பட்டமளிப்பு நெருங்கியபோது நிஹாரா புது அபாயா தைத்து வைத்திருந்தாள். மகள் ஃபோன் எடுத்து, "ஜஸ்ட் டோன்ட் கம், உம்மா. ப்ளீஸ். ஹால் ஃபுல்லா கேக்கும்" என்றாள். சரி மகள் என்று நிஹாரா சொன்னாள். அந்த அபாயா இன்னும் உறைக்குள் இருக்கிறது.

வேலையில்லாத அந்த மாதங்களில்தான் கேத்ரின் அவளைத் தேடி வந்தாள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். பிரன்ஸ்விக்கில் தியான வகுப்பு நடத்துகிறாள். "அக்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் லா. நடுவுல சும்மா உக்காந்தா போதும்." மூன்று சனிக்கிழமை நிஹாரா போய் உட்கார்ந்தாள். சுற்றிவரப் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். தங்களுக்கும் சூஃபி என்றால் உயிர் என்றார்கள். அஸருக்கு நேரமாகிவிட்டது, எங்கே தொழலாம் என்று அவள் கேட்டபோது அந்தப் பேச்சு நின்றது. மூன்றாம் சனிக்கிழமை கேத்ரின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சவுண்ட் ரொம்ப அழகா இருக்கு, எல்லாரும் சொல்றாங்க. அந்த வார்த்தைதான் சிலருக்கு ஒரு மாதிரி இருக்காம். அத மட்டும் கொஞ்சம் தெளிவில்லாம ஆக்க முடியுமா அக்கா?"

"வார்த்தையத் தவிர அதுக்குள்ள வேற ஒண்டும் இல்லியே" என்றாள் நிஹாரா.

கேத்ரின் ஒரு தடித்த மெத்தைப் போர்வையால் அவளைச் சுற்றிப் பார்த்தாள். சத்தம் முன்னையைவிடத் தெளிவாகக் கேட்டது. நிஹாரா போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டு ரயிலேறி வந்தாள்.

யோகராணி அன்ரி தன் வீட்டுப் பின்பக்க யூனிட்டை அவளுக்கு விட்டார். அந்தோனியார் படத்துக்கு முன்னால் செபமாலை சொல்லும்போது சத்தம் தனக்கு இடைஞ்சல் இல்லை, மணி எண்ண வசதியாக இருக்கிறது என்றார். தெருவில் யாரோ முறையிட்டு, கவுன்சிலில் இருந்து ஒருவர் கருவியோடு வந்து அளந்தார். ஏசி யந்திரத்தின் சத்தத்தைவிடக் குறைவு என்று பதிந்துவிட்டுப் போனார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. புதிதாக வீடு பார்க்க வருகிறவர்களிடம் ஏஜென்ட் ரயில் சத்தத்தைச் சொல்கிற மூச்சிலேயே இதையும் சொல்லிவிடுகிறார். நிஹாரா இப்போது பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் போன பிறகு துப்புரவு வேலை செய்கிறாள். சுபஹுக்கும் மஃரிபுக்கும் பிறகு அதே முந்நூறை ஓதுகிறாள். இன்னும் காய்ந்த பாண்தான்.

சென்ற வருடம் தொடங்கி, சனிக்கிழமைகளில் அஸர் நேரம் ஒரு சாம்பல் நிறக் கார் யூனிட்டின் பக்கம் வந்து நிற்கிறது. முதல் நாள் யோகராணி அன்ரி ஓடிவந்தார். "பிள்ளை, உங்கட மனிசன் வந்து நிக்கிறார்!"

"என்ட மனிசன் இல்ல அன்ரி."

"சரி, ஜஸ்னாவின்ர தேப்பன். கதிரையச் சாய்ச்சுப்போட்டு நித்திரை கொள்ளுறார்."

ட்ருகனினாவுக்குப் போன நாளிலிருந்து பைரூஸுக்கு நித்திரையில்லை, மாத்திரைக்கும் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒன்றரை மணித்தியாலம் ஓடி வருகிறார், இரண்டு மணித்தியாலம் நித்திரை கொள்கிறார், போய்விடுகிறார். கதவைத் தட்டுவதில்லை. கமிட்டியில் இன்னும் உபசெயலாளர் அவர்தான். அந்தக் கடிதமும் இன்னும் செல்லும்.

ஒரு சனிக்கிழமை மட்டும் நிஹாரா கார் வரைக்கும் போனாள். திட்டுவதற்கல்ல. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று, இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் கேட்கலாம் என்று போனாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. பைரூஸ் வாயைத் திறந்தபடி, சின்னப் பிள்ளைபோல் உறங்கிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. எழுப்பினால் அந்த நித்திரை போகும், பதிலும் வராது என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி வந்து கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்தாள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அந்த இடத்தில் தெருவார் யாரும் தங்கள் காரை நிறுத்துவதில்லை.