ஒரே சட்டியில் இரண்டு மருந்து

"வாயைத் திறந்தே, அதோட நீ என் கோமாத்ரே இல்ல!"

"திறக்கத்தான் போறேன், சால்வையை விடு..."

"கிழிஞ்சாலும் விடமாட்டேன்!"

குவென்கா ஆஸ்பத்திரி நடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் சால்வையைப் பிடித்திருந்த டெல்ஃபினா சந்தையில் பன்றி வறுத்து விற்பவள். அவள் மகள் ஒதீலியாவுக்கு நான் ஞானத்தாய். அதனால்தான் நாங்கள் கோமாத்ரே.

எங்களுக்கு ஒரே வியாதி. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நுரையீரலைத் தாக்கி இறுக்கிவிடும். அதை அடக்க ஒரு பழைய மருந்து, ஒரு புதிய மருந்து. எது மேல் என்று பார்க்க டாக்டர் அஸ்துதில்லோ நூறு பேரைச் சேர்த்திருந்தார். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. மாத்திரை எல்லாம் ஒரே வெள்ளை.

இரண்டாம் மாதம் எனக்கு மூச்சு லேசானது, அவளுக்கு இருமல் கூடியது. நான் மட்டும் தேறுவதா? இரண்டு பாட்டிலையும் அவளுடைய சோளச் சட்டியில் கொட்டிக் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். ஐந்து மாதம். இன்று குழாயில் ஊதினோம். இருவருக்குமே மூச்சின் அளவு ஏறியிருந்தது. டாக்டர் கைதட்டிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

"சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்க. நாலு படி ஏற நாலு தடவை மூச்சு வாங்கி நின்னவ நான். உனக்கென்ன, உட்கார்ந்து தைக்கிறவ!"

"எதுல தேறினோம்னு தெரியாம அவர் தப்பா எழுதப்போறார்டி."

"எழுதட்டும். அந்தக் காகிதம் யாருக்கு வேணும்?"

"ஒதீலியாவுக்கு."

சால்வையில் பிடி தளர்ந்தது. போன வாரம் அந்தப் பெண் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் அலசும்போது விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்தன. இருவரும் பார்த்தோம், பார்க்காததுபோல் இருந்தோம். எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

"நாளைக்கு அவளுக்கு எந்த மாத்திரைன்னு யாரு சொல்லுவா? உன் சட்டியா?"

டெல்ஃபினா மூக்கைத் துடைத்தாள். தொப்பியைச் சரிசெய்தாள்.

"தள்ளு. நீ பாதியில அழுதுடுவே."

தட்டாமலே கதவைத் திறந்து உள்ளே போனாள். சட்டி, பாதிப் பாதி, ஐந்து மாதம், எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, உங்க ரெண்டு பேரையும் இந்தச் சோதனையிலேர்ந்து எடுத்துடணும்."

"எடுங்க, டாக்டர். ஆனா கலக்குறதுக்கு முன்னாடி தேறினது என் கோமாத்ரேதான், யாரு பாட்டில்ல எது இருந்துச்சுன்னு இப்பவாவது பார்த்துச் சொல்லுங்க. என் மகளுக்கு நான் எதைக் கேக்கணும்?"