இருபத்து மூன்றாவது வரி

மருந்துக் கிடங்கில் உடன் பணியாற்றுவோர் அவளைப் பட்டியலக்கா என்றே அழைப்பர். கேலியாக இட்ட அப்பெயரை அவள் மறுத்ததில்லை, ஏனெனில் பழைய உறையொன்றின் பின்புறத்தில் எழுதி, ஒவ்வொரு வரியாக அடித்தாலன்றி அவளுக்கு எந்த வேலையும் முடிந்ததாகவே தோன்றாது... இந்தப் புதிய அடுக்ககத்துக்குக் குடிவரவும் இருபத்து மூன்று வரிகள் எழுதியிருந்தாள். எரிவாயு, குழாய்ப் பழுது, திரைச்சீலைக் கம்பி, தம்பியின் மேசை, எல்லாம் அடிபட்டுவிட்டன, இருபத்து மூன்றாவதான இணையம் மட்டும் மிஞ்சி நின்றது. அதைக் கடைசியில் எழுதியது யார், அவள்தானே? வெள்ளிக்கிழமையே வருவதாகச் சொன்ன வயர்க்காரரிடம், சுவரில் துளையிட வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை என்று தள்ளிப்போட்டதும் அவள்தான். வீட்டுக்காரரோ சாவி தந்த அன்றே, "எத்தனை ஓட்டை வேணும்னாலும் போட்டுக்கோங்க, வீடு விழாம இருந்தா சரி" என்று சிரித்திருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அது எவ்வளவு எளிதாக வந்தது... இன்று திங்கட்கிழமை. இனியும் தள்ள முடியாது.

"வைஃபை பெட்டியை எங்கம்மா வைக்கணும்? இப்பவே சொல்லிடுங்க. ஓட்டை போட்டப்புறம் மனசு மாறினா செவுத்துக்குத்தான் வலிக்கும்," என்றார் வயர்க்காரர், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியின் மேலாக அவளைப் பார்த்தபடி. கூடத்திலா, நடையின் கோடியிலிருக்கும் தம்பியின் அறையிலா? பழைய வீட்டில் பெட்டி அவனறையில்தான் இருந்தது. வேலை போனபின் ஏழு மாதங்கள் அவனும் அப்பெட்டியும் ஒரே கதவுக்குப் பின்னால் வாழ்ந்தனர். சமையலறையில் நின்றபடி, சாப்பாடு ரெடி என்று அவள் செய்தி அனுப்புவாள், அவன் கட்டைவிரல் படமொன்றைத் திருப்பி அனுப்புவான், சற்று நேரத்தில் அறை வாசலில் வைத்த தட்டு உள்ளே போய்விடும்... நடுவே பத்தடி தூரம், அவ்வளவே. இங்கு வந்த நான்கு நாள்களில், கைப்பேசியில்கூட ஒரு சிக்னல் கோடு ஏறாத அந்த மூலையறையிலிருந்து அவன் எத்தனை முறை வெளியே வந்தான்? அவள் எண்ணி வைத்திருந்தாள்: ஒன்பது. முதல்முறை, "எப்பக்கா வருவாங்க?" என்று கேட்க, இரண்டாம் முறையும் அதற்கே, மூன்றாம் முறை சமையல் மேடையில் சாய்ந்து, நின்றவாறே அவித்த முட்டையைத் தின்று, "உப்பு உன் லிஸ்ட்லயே இல்லையாக்கா?" என்றான். அவள் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவிய பாத்திரத்தையே மீண்டும் கழுவினாள். அந்தக் குரலை நேரில் கேட்டு எத்தனை நாள்...

"அக்கா, என் ரூம்லயே வைக்கச் சொல்லு!" சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து வந்தது குரல். வயர்க்காரர் நடையை அளந்துவிட்டு வந்தார். "கொண்டு போகலாம்மா. மூணு இடத்துல வளையும். இந்த வயரை வெடுக்குனு மடக்கக் கூடாது, உள்ள கண்ணாடி இழை. முறிஞ்சாலும் வெளிய தெரியாது. பாத்து மெதுவா இழுக்கணும், நேரம் ஆகும்." "கூடத்துல வெச்சா அந்த ரூமுக்கு எட்டாதா?" என்று கேட்டாள், கேட்கும்போதே நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது. "கதவைத் திறந்து வெச்சா எட்டும். சாத்தினா இழுத்துக்கிட்டுதான் கிடக்கும்." கதவைத் திறந்து வைத்தால்... இதைவிட வேறென்ன வேண்டும்? அவள் வாய்திறந்து கெஞ்ச வேண்டாம், சண்டையிட வேண்டாம், சுவரே அவளுக்காகப் பேசும்; நாள் முழுதும் கதவு திறந்திருக்கும், போகும்போதும் வரும்போதும் அவன் முதுகையாவது பார்க்கலாம். ஆனால் இந்தத் துள்ளல் எதற்கு? எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லை மாட்டுகிறவளின் துள்ளல் அல்லவா இது? ஒன்பது முறை அவன் வந்தானே, அவளைத் தேடியா வந்தான்? முட்டை தின்றபோது மட்டும் இணையத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை... அது கணக்கில் சேருமா? சரி, அவன் வந்ததை எண்ணினாயே, ஏழு மாதத்தில் நீ எத்தனை முறை அந்தக் கதவைத் தட்டினாய்? யோசித்தாள். விரல் மடக்க ஒன்றுகூட அகப்படவில்லை. அந்தக் கட்டைவிரல் வந்ததும் அவளுக்கு உண்டானது வருத்தமா, நிம்மதியா? அவன் முகத்தைப் பாராமலே ஒரு வேளை கழிந்த நிம்மதி. உறையின் பின்புறத்தில், தம்பி சாப்பாடு என்ற வரியை அடித்துவிட்டுப் படுக்கப் போகும் நிம்மதி. எரிவாயு, குழாய்ப் பழுது, தம்பி... கதவைச் சாத்தியது அவன்தான். ஆயினும் அது சாத்தியே இருப்பது யாருக்கு வசதியாய் இருந்தது?

"என்னம்மா, செவுத்துகிட்ட உத்தரவு வாங்கறீங்களா?" என்றார் வயர்க்காரர், துளைப்பானைத் தோள்மாற்றி. அவள் கையிலிருந்த உறையை மடித்து மேசைமேல் வைத்தாள். "அவன் ரூம்லயே வெச்சிடுங்க. மெதுவாவே இழுங்க, அவசரமில்ல. ரெண்டு நிமிஷம் மட்டும் பொறுங்க, நான் அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று நடைக்குள் போனாள். வெள்ளிக்கிழமைப் பொய்யை அவனிடம் சொல்லிவிடுவது. அவன் கோபித்தால் கோபிக்கட்டும். சாப்பாட்டுக்கு இனிச் செய்தி அனுப்புவதில்லை, கதவைத் தட்டுவது என்று தீர்மானித்தாள்.